முறுக்கு சுட்ட பிறகு: பெஸ்தாரி ஜெயாவில் எடுத்த ஒரு நிகழ்த்துகலைக் காணொளி பற்றிய ஆய்வு

காணொளியில் ஒரே ஒரு கோணம். வீட்டின் பின்பக்கம் தகரக்கூரை போட்டு நீட்டிக் கட்டிய அடுக்களை. இடப்பக்கம் பெரிய கேஸ் அடுப்பு, வலப்பக்கம் சிமெண்டுத் தொட்டி, நடுவில் உட்கார ஒரு பலகை. ஐம்பதை நெருங்கும் ஓர் அக்கா தீபாவளி ஆர்டருக்கான கடைசி ஈடு முறுக்கைச் சுட்டு எடுக்கிறார். குவாலி (எண்ணெய்ச் சட்டி), முறுக்கு உரல், சல்லடை, கேஸ் தோம்பு (சிலிண்டர்) என்று கண்ணில் படும் பொருளிலெல்லாம் ஆரஞ்சு நிற விலைச்சீட்டு. பேச்சில்லை, பாட்டில்லை. நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் அந்தக் காணொளியில் முறுக்கு வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் வருவதெல்லாம் எண்ணெய் வடிப்பதும் கழுவுவதும் துடைப்பதும்தான். கேமரா நகரவில்லை, ஓர் இடத்திலும் நிறுத்தப்படவில்லை.

இதை எடுத்த குழுவில் நானும் ஒருத்தி. கைப்பேசியை அரிசி டின்மேல் நிறுத்திக் கட்டியது, ஒளி பார்த்தது, ஒலி பார்த்தது என் வேலை. அக்காவின் பெயரும் மற்றப் பெண்களின் பெயரும் இங்கே வராது, அப்படித்தான் பேசிக்கொண்டோம். சமையல் காணொளிகள் கைப்பேசியில் கொட்டிக் கிடக்கும் காலத்தில் இந்த ஒன்று ஏன் வேறு மாதிரி ஆனது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என் பதிலை முன்பே சொல்லிவிடுகிறேன்: கழுவும் நேரத்தை அது வெட்டவில்லை. வீட்டு வேலை கண்ணுக்குத் தெரியாமல் போவது பெரும்பாலும் அந்த வெட்டில்தான்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். பெஸ்தாரி ஜெயா மலேசியாவின் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ஊர். 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் பெயர், பெரியவர்கள் வாயில் இன்னும் அதுதான் வருகிறது. ஈயம் வாரிய குட்டைகள் ஒரு பக்கம், செம்பனை மறுபக்கம். மேரி, சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக் என்ற ஐந்து தோட்டங்களின் மக்கள் தங்களுக்குத் தருவதாகச் சொன்ன வீட்டுக்காகப் பல்லாண்டு போராடிய கதை இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் குழுவில் இருந்த பெண்களில் பாதிப்பேர் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர்கள். இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளிலும் மலிவுவிலை அடுக்குமாடியிலும் இருக்கிறார்கள்.

குழுவில் மூத்தவரை ஆயாம்மா என்று கூப்பிடுகிறோம், தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். அவர் சொன்ன ஒரு விவரம்தான் காணொளியின் அடித்தளம். ரப்பர் இருந்த காலத்தில் பெண்ணும் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போவாள், அவள் பேர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏறும். விடியுமுன் எழுந்து சோறு வடித்து, பிள்ளையைக் கொட்டகையில் விட்டு, பால்மரம் வெட்டி, மங்குக் கிண்ணத்தில் இறங்கிய பாலை வாளியில் சேர்த்து ஸ்டோரில் கொடுத்தால் அவள் கணக்கில் காசு. செம்பனை வந்தபின் குலை வெட்டுவது ஆண் வேலையாயிற்று. உதிரிப்பழம் பொறுக்கப் போன பெண்களில் பலருக்கு அந்த ஏற்பாடு போயிற்று. கூட்டிப் பொறுக்கிச் சாக்கில் கட்டியது மனைவி, கூலி புருஷன் பேரில். "நாள் பூரா குனிஞ்சே இருப்பேன். புஸ்தகத்துல நான் இல்லவே இல்ல" என்றார் ஆயாம்மா. தோட்டத் தொழிலை ஆராய்ந்தவர்கள் பலரும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதை வாழ்ந்தவர் வாயிலிருந்து, அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லக் கேட்கும்போது மனதில் வேறு விதமாகத் தைக்கிறது.

முதலில் மற்றவர்கள் செய்ததைப் பார்க்கலாம் என்று கோயில் மண்டபத்துப் பக்கத்து அறையில் திரை கட்டினோம். அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ரோஸ்லர் 1975-ல் செய்த "செமியோடிக்ஸ் ஆஃப் தி கிச்சன்" ஆறு நிமிடக் கறுப்பு வெள்ளைக் காணொளி. தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சி போல மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஆங்கில அகர வரிசைப்படி சமையலறைச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பெயர் சொல்லிக் காட்டுகிறார். காட்டும் விதம் போகப் போக முரட்டுத்தனமாகிறது. கத்தி காற்றைக் குத்துகிறது, அகப்பை இல்லாத ரசத்தை அள்ளி வெளியே வீசுகிறது. கடைசி எழுத்துகளுக்குச் சாமானின் பெயர் சொல்லாமல் கையாலும் உடம்பாலும் எழுத்தை எழுதிக் காட்டித் தோளைக் குலுக்கி முடிக்கிறார்.

எங்கள் பெண்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் அமைதியானார்கள். முறுக்கு சுடும் அக்கா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "கோவம் தெரியுது. ஆனா சட்டியெல்லாம் காஞ்சு கிடக்கே தங்கச்சி, இவங்க வீட்டுல யாரு கழுவுறது?"

ரோஸ்லரின் குறி வேறு. விளம்பரமும் தொலைக்காட்சியும் உருவாக்கிய சிரிக்கும் இல்லத்தரசி என்ற பொம்மையை உடைப்பதே அவர் நோக்கம். சாமான்கள் அங்கே அடையாளங்கள், அவற்றில் சமைக்க வேண்டிய தேவை இல்லை. இருந்தாலும் அக்காவின் கேள்வி சரியானது. அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வைக்க வேறு இரண்டு பேர் இருக்கிறார்கள். அமெரிக்கக் கலைஞர் மியெர்லே லாடர்மன் உக்கெலெஸ் முதல் குழந்தை பிறந்தபின் 1969-ல் பராமரிப்புக் கலை அறிக்கை எழுதினார். புரட்சி முடிந்த பிறகு திங்கட்கிழமை காலையில் குப்பையை யார் அள்ளுவது என்று அதில் கேட்டார். 1973-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் உள்ள வாட்ஸ்வர்த் அத்தீனியம் அருங்காட்சியகத்தின் படிகளை மண்டியிட்டுத் தேய்த்துக் கழுவினார், அதையே கலை நிகழ்வாக அறிவித்தார். இன்னொருவர் திரைப்பட இயக்குநர் ஷந்தால் அக்கெர்மன். 1975-ல் வந்த அவருடைய "ழான் டீல்மன்" என்ற திரைப்படம் 201 நிமிடம் ஓடுகிறது. அதில் உருளைக்கிழங்கு உரிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் உரிக்கிறாள் அந்தப் பெண். நமக்கு முதுகைக் காட்டி நின்று பாத்திரம் கழுவுகிறாள். ஒரு பகுதிதான் போட்டுக் காட்டினோம். முதுகைக் காட்டிக் கழுவும் இடத்தில் அறையில் யாரும் பேசவில்லை.

இந்த நீள ஓட்டத்துக்குத் தொழில்நுட்பக் காரணமும் ஒன்று உண்டு. 1967-ல் வந்த சோனி போர்ட்டாபேக் கையில் தூக்கிச் செல்லக்கூடிய வீடியோ கருவி. அதன் நாடாவை வெட்டி ஒட்டுவது சிரமம், சுருள் தீரும்வரை ஓடவிடுவதே எளிது. எழுபதுகளின் காணொளிக் கலையில் நேரம் நேரமாகவே இருந்ததற்கு அதுவும் காரணம். இன்று நிலைமை தலைகீழ். கைப்பேசியில் வெட்டுவது விரலைத் தட்டும் வேலை. மாவு பிசையும் கை, உடனே பொன்னிறமாக மிதக்கும் முறுக்கு, உடனே சிவப்பு மூடி டப்பா. நடுவில் இருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று பார்ப்பவர் யோசிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். பொருளை விற்க அந்த வெட்டு அவசியம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தரையைக் காட்டி ஏர் ஃபிரையரை யாரும் விற்க முடியாது.

விலைச்சீட்டு யோசனை குழுவில் இருந்த ஓர் இளம்பெண்ணுடையது. அடுக்களையில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் என்ன விலை கொடுத்தோம் என்று எழுதி ஒட்டுவது. செய்து பார்த்தபோது வெறும் விலை போதவில்லை. ஐஸ்பெட்டியில் இரண்டு சீட்டு வந்தது: கைக்காசுக்கு 2,300 வெள்ளி (ரிங்கிட்), தவணைக்கு மாதம் 89 வெள்ளி வீதம் 36 மாதம். கூட்டினால் 3,204. கேஸ் தோம்பில் 26 வெள்ளி 60 காசு, அது அரசாங்கம் கட்டுப்படுத்தும் 14 கிலோ தோம்பு விலை. வீட்டுச் சமையலுக்கு வாங்கும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெயில் 2 வெள்ளி 50 காசு, ஆர்டருக்கு வாங்கும் ஐந்து கிலோ போத்தலில் கடை விலை. அந்தப் பாக்கெட்டில் இருப்பது பாமாயில். ஆயாம்மா பொறுக்கிய உதிரிப்பழம் ஆலைக்குப் போய், வேறு எங்கெங்கோ சுற்றி, இப்படி ஒரு பிளாஸ்டிக் பையாக ஊருக்குத் திரும்பி வருகிறது. அவர் அந்தச் சீட்டைத் தன் கையாலேயே ஒட்டினார்.

கண்ணாடி அலமாரியைத் திறந்தபோதுதான் அந்த வேலை சூடு பிடித்தது. பூப்போட்ட தட்டுகள், மூடி இறுகிய டப்பாக்கள், பிரிக்காத கலவை இயந்திரம். தொண்ணூறுகளில் தோட்டத்திலும் தாமானிலும் டப்பர்வேர் (பிளாஸ்டிக் டப்பா) விருந்து நடக்கும். ஒருத்தி வீட்டில் கூடி, விற்பவர் மேசையில் பரப்பிக் காட்டுவார். அக்காவே சில காலம் விற்றவர். கூடத்தைக் கூட்டி, பாய் விரித்து, எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டு, வடை சுட்டு, போனபிறகு கிளாஸ் கழுவியது யார் கணக்கில் என்று நான் கேட்டேன். "அது விருந்தாளி வந்தா செய்யுறதுதானே" என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார். பெண்ணின் வீட்டு வேலையையே கடையாக்கிக்கொண்ட வியாபார முறை அது, அமெரிக்காவில் ஐம்பதுகளில் வேரூன்றி உலகமெல்லாம் பரவியது. வாங்குபவளாக மட்டும் பெண்ணைப் பார்ப்பவர்கள் அந்த வடையை மறந்துவிடுகிறார்கள்.

சாமானுக்கு விலை ஒட்டியாயிற்று, வேலைக்கும் ஒட்டலாம் என்று அதே இளம்பெண் சொன்னார். குறைந்தபட்சச் சம்பளத்தை அளவுகோலாக எடுத்தோம். 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. அந்தச் சட்டம் வீட்டுப் பணியாளருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொருவர் வீட்டைக் கூட்டுபவருக்கே இல்லாத விலை, தன் வீட்டைக் கூட்டுபவளுக்கு எங்கிருந்து வரும்? வீட்டிலிருக்கும் பெண்களுக்கு அரசு தொட்ட இடம் ஒன்று இருக்கிறது. 2022 டிசம்பரில் நடப்புக்கு வந்த இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டினால் வீட்டு வேலையின்போது நேரும் விபத்துக்குப் பாதுகாப்பு உண்டு. வீட்டில் நடப்பது வேலைதான், அதில் அடிபடலாம் என்று எழுத்தில் ஒத்துக்கொண்ட சட்டம் என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. குழுவில் பாதிப்பேர் அப்போதுதான் அதைக் கேள்விப்பட்டார்கள்.

அக்கா ஒரு பழைய பள்ளி நோட்டில் கணக்குப் போட்டார். ஒரு சுற்றுக்கு எட்டு டப்பா, டப்பா 25 வெள்ளி, மொத்தம் 200. அரிசி, உளுந்து, ஓமம், எள், எண்ணெய், கேஸ், டப்பா எல்லாம் சேர்த்து 90 போனால் மிச்சம் 110. எத்தனை மணி நேரம் என்று கேட்டதற்கு முதலில் 11 என்றார். மணிக்கு 10 வெள்ளி, குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மேலே. எல்லாருக்கும் சந்தோஷம். அப்போது ஆயாம்மா, "கழுவுனது?" என்றார்.

முந்தின நாள் டப்பா கழுவிக் கவிழ்த்தது, மாவு மில்லுக்குக் கொடுத்த அரிசியைக் களைந்து உலர்த்தியது, குவாலி தேய்த்தது, உரலின் ஓட்டையில் காய்ந்த மாவை ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தது, தரை, சுவர், துணி எல்லாம் சேர்த்து இன்னும் 3 மணி நேரம். 110-ஐ 14-ஆல் வகுத்தால் 8 வெள்ளிகூட இல்லை. லாபம் என்று தெரிந்தது முழுக்க அந்த வெட்டினால் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நாலு மணி நேரம் முறுக்குப் பிழிந்து கொடுத்த மாமியாரின் நேரம் இந்தக் கணக்கிலேயே இல்லை. செக்ரோலில் ஏறாத பெயர் இங்கேயும் ஒன்று இருந்தது.

அந்த நோட்டைப் பார்த்தபிறகுதான் காணொளியின் வடிவம் தீர்மானமானது. கழுவும் வேலைக்குச் சீட்டு ஒட்டும் யோசனையை அக்கா மறுத்துவிட்டார். "கழுவுறதுக்குச் சீட்டு எங்க ஒட்டுறது? கையிலயா?" கையில் ஒட்டியிருந்தால் படம் பார்க்கக் கவர்ச்சியாக இருந்திருக்கும், அவரையும் ஒரு சாமானாக ஆக்கியிருக்கும். சீட்டு சாமானோடு நிற்கட்டும், வேலைக்கு நேரத்தை மட்டும் கொடுப்போம் என்று முடிவானது. கடைசி ஈட்டில் தொடங்குவது, தரை காயும்வரை கேமராவை நிறுத்தாதது. இரண்டே விதிகள்.

படம் பிடித்த அன்று அக்கா காலை மூன்றரைக்கே அடுப்பு மூட்டியிருந்தார். நாங்கள் கேமராவை ஓடவிட்டது நண்பகலுக்குப் பிறகு. அந்தக் களைப்பு நடிப்பில்லை. கடைசி ஈட்டை எடுத்துப் போட்டு அடுப்பை அணைத்ததும் அவர் உட்காருவார் என்று பார்ப்பவர் எதிர்பார்க்கிறார். அவர் உட்காரவில்லை. எண்ணெய் ஆறுவதற்குள் பலகையைச் சுரண்டுகிறார். ஆறியதும் துணி கட்டிய வாளியில் வடிக்கிறார். குவாலியைத் தொட்டிக்குள் இறக்கி, சாம்பல் தூவி, தேங்காய் நாரால் வட்டமாகத் தேய்க்கிறார். தண்ணீர் பட்டதும் சீட்டின் ஓரம் சுருள்கிறது. மூன்றாவது தேய்ப்பில் கழன்று தொட்டியின் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் தேங்குகிறது. அவர் குனிந்து, பார்க்காமலேயே விரலை விட்டு எடுத்துச் சுவரோரம் எறிந்துவிட்டுத் தேய்ப்பைத் தொடர்கிறார். உரலின் சீட்டுக்கும் அதே கதி.

இதை யாரும் திட்டமிடவில்லை. காணொளியின் மிகச் சிறந்த இடம் அதுதான் என்பது என் கருத்து. அதுவரை சுவரொட்டி வாசகம் போல நின்ற சீட்டுகள் அங்கே அடுக்களைக் குப்பையாகி, அதையும் அவரே அள்ள வேண்டியதாகிறது.

குறையும் இருக்கிறது. முதல் கால் மணி நேரத்தில் சீட்டுகள் கண்ணை இழுத்துவிடுகின்றன. கோயில் மண்டபத்தில் திரையிட்டபோது பார்த்தவர்கள் முதலில் ஐஸ்பெட்டி விலையைத்தான் பேசினார்கள். எந்தக் கடையில் மலிவு, யார் எத்தனை மாதம் கட்டுகிறார்கள் என்று ஒரே விவாதம். எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்திருக்கலாம், ஐஸ்பெட்டியைக் கோணத்துக்கு வெளியே தள்ளியிருக்கலாம். இன்னொன்று மாமியார். அவர் முகம் காட்டச் சம்மதிக்கவில்லை, அதனால் ஓரத்தில் அவர் கை மட்டும் வந்து போகிறது. அந்தக் கைக்கு உரியவர் யார் என்று படம் சொல்லவில்லை.

விலை விவாதம் கழுவல் தொடங்கியதும் அடங்கியது. ஆண்கள் பின்னால் நின்றார்கள், சிலர் வெளியே போய் வந்தார்கள். போகாமல் நின்ற ஒருவர் முடிவில், "இதுல என்ன இருக்கு? எங்க வீட்டுல தெனம் நடக்குறதுதானே" என்றார். ஆயாம்மா திரும்பி, "தெனம் நடக்குதுன்னு தெரியுதுல்ல? என்னைக்காவது இப்படி உக்காந்து பார்த்தியாய்யா?" என்று கேட்டார். அவர் தலையைத் தடவிக்கொண்டு, இல்லை என்று நேர்மையாகச் சொன்னார். அந்த இடத்தில் இதைவிடப் பெரிய வெற்றியை நான் எதிர்பார்க்கவில்லை.

அக்கா அடுத்த ஆர்டர்களுக்கு டப்பா விலையை 28 ஆக்கினார். 14 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு ஒன்பதரைக்குக் கொஞ்சம் மேலே. மாமியாரின் நாலு மணி நேரத்தைச் சேர்த்தால் மறுபடியும் ஏழரைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. வழக்கமாக வாங்கும் சிலர் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் இயந்திரத்தில் சுட்ட முறுக்குக்குப் போய்விட்டார்கள். படம் எடுத்ததால் சந்தை மாறிவிடவில்லை. ஆனால் நோட்டில் இப்போது மாமியாருக்குத் தனியாக ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறார்.

பிறகு நகரத்தில் ஒரு திரையிடலுக்குக் கேட்டார்கள், பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்க முடியாது என்ற நிபந்தனையோடு. குழுவில் பெரிய வாக்குவாதம். நான் மறுத்துவிடலாம் என்றேன். வெட்டாமல் காட்டுவதே படம், அதை வெட்டி அனுப்பினால் என்ன மிஞ்சும் என்பது என் கட்சி. இளம்பெண் முறுக்கு, சீட்டு, கழுவல் மூன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கலாம் என்றார். அக்கா இரண்டையும் ஏற்கவில்லை. "முறுக்க எடுத்துருங்க. அது எல்லாருக்கும் தெரியும்" என்றார். அப்படியே குவாலி தொட்டிக்குள் இறங்குவதில் தொடங்கிப் பத்து நிமிடத்தை இடையில் தொடாமல் எடுத்து அனுப்பினோம். ஆக இப்போது இரண்டு வடிவம் இருக்கிறது. ஊரில், பெண்கள் கூடும் இடத்தில் காட்டுவதாக இருந்தால் நீளமானதையே காட்டுகிறோம், நோட்டுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பேசுகிறோம். அடுத்ததாக ஆயாம்மா தன் ஆயாக் கொட்டகை வேலையைச் செய்துகாட்டச் சம்மதித்திருக்கிறார். தொட்டில் கட்டத் தோதான உத்திரம் உள்ள பழைய லயத்து வீடு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.